'வித்தவுட் யூ': ஒரே பாட்டை அதன் பல பதிவுகளோடு கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

'வித்தவுட் யூ' என்றதும் பெரும்பாலானவர்களுக்கு மரியா கேரியின் குரல்தான் காதில் விழும், கொஞ்சம் மூத்தவர்களுக்கு ஹாரி நில்சன். ரெண்டு பேருமே அதை எழுதியவர்கள் இல்லை. எழுதியது பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவில் இருந்த பீட் ஹாம், டாம் எவன்ஸ். 1970இல் அவர்களே பாடி வெளியிட்டார்கள், சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டாகக்கூட விடவில்லை, ஆல்பத்தில் ஒரு பாட்டாக அது பாட்டுக்குக் கிடந்தது. அப்புறம் நில்சன் கையில் கிடைத்து, அவருக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாடி, இன்றைக்குப் பாட்டுப் போட்டி மேடைகளில் குரல் வளத்தைக் காட்ட நினைப்பவர்களெல்லாம் எடுக்கிற பாட்டாகிவிட்டது.

அத்தனையையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று பதிவுகளை ஒழுங்காகக் கேட்டால் போதும், மற்றவை தானாகப் பிடிபடும். ஆனால் ஒன்றன் பின் ஒன்றாகச் சும்மா ஓடவிட்டால் எல்லாமே ஒரே அழுகையாகத்தான் கேட்கும், மூன்றாவது பாட்டில் கை தானாக ஃபோனுக்குப் போய்விடும். எதைக் கவனிப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது ஒரே ஒரு விஷயம்: இது இரண்டு பேர் தனித்தனியாக எழுதிய இரண்டு அரைகுறைப் பாட்டுகளை ஒட்டிச் செய்த பாட்டு. அந்த ஒட்டு எங்கே இருக்கிறது, பாடுகிறவர் அதை எப்படித் தாண்டுகிறார் என்று பார்த்தால் ஒவ்வொரு பதிவும் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

படி 1: சரியான பதிவுகளைப் பிடியுங்கள்

தேடும்போது பாட்டின் பெயரை மட்டும் போட்டால் குழம்பிவிடும். இதே தலைப்பில் வேறு பாட்டுகள் ஏகப்பட்டவை இருக்கின்றன. 2011இல் டேவிட் கெட்டாவும் அஷரும் சேர்ந்து செய்தது வேறு பாட்டு, மோட்லி குரூ குழுவுடையது வேறு பாட்டு. பாடியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், கிடைத்ததும் பாட்டு எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலான ஸ்ட்ரீமிங் செயலிகளில் மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட்ஸ் வரும், அதில் ஹாம், எவன்ஸ் என்று இருந்தால் சரி.

வேண்டிய மூன்று இவை:

- பேட்ஃபிங்கர், 'நோ டைஸ்' ஆல்பம், 1970
- ஹாரி நில்சன், 'நில்சன் ஷ்மில்சன்' ஆல்பம், 1971
- மரியா கேரி, 'மியூசிக் பாக்ஸ்' ஆல்பம், 1993

தொகுப்பு ஆல்பங்களில் இருந்து எடுக்காதீர்கள், இந்த மூன்று ஆல்பங்களுக்குள் போய் அங்கிருந்து எடுங்கள். பழைய குழுக்களின் பாட்டுகளைப் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்து 'சிறந்த பாடல்கள்' என்று போட்டுவிடுவது சகஜம், அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே மாதிரி வீடியோவையும் தள்ளி வையுங்கள். கேரியின் வீடியோ நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி ஊரின் ப்ராக்டர்ஸ் தியேட்டர் மேடையில் அவர் பாடிய காட்சிகளை வைத்துச் செய்தது. முகத்தையும் விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தால் காது பாதி வேலைதான் செய்யும்.

இன்னொன்று, ஒலி அளவு. பழைய பதிவைவிட 90களின் பதிவும் மறுபடி மெருகேற்றி விட்ட பதிவும் சத்தமாக இருக்கும், சத்தமாக இருப்பது காதுக்கு எப்போதும் கொஞ்சம் நல்லதாகவே படும். செயலியின் அமைப்புகளில் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கும், ஒப்பிட்டுக் கேட்கும்போது மட்டுமாவது அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் 'கேரிதான் பெஸ்ட்' என்று தீர்ப்பு சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

படி 2: பேட்ஃபிங்கரில் இருந்து தொடங்குங்கள்

இதுதான் கொஞ்சம் பொறுமை வேண்டிய படி. ஏற்கெனவே நில்சனையோ கேரியையோ கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் தடவை இது சப்பென்று இருக்கும். எங்கே அந்த உச்சம், எங்கே அந்தக் கத்தல் என்று மனசு தேடிக்கொண்டே இருக்கும். அது வராது. வராது என்று தெரிந்துகொண்டே இரண்டாவது தடவை கேளுங்கள்.

கேட்பதற்கு முன் அவர்கள் யார் என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. பீட் ஹாம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில் பிறந்தவர், டாம் எவன்ஸ் லிவர்பூல்காரர். பீட்டில்ஸ் நடத்திய ஆப்பிள் நிறுவனத்தில் ஒப்பந்தம். அவர்களுக்கு முதல் வெற்றியைத் தந்த பாட்டை எழுதிக் கொடுத்தவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. 'நோ டைஸ்' ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜெஃப் எமரிக், அவர்தான் பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். இவ்வளவும் சேர்ந்தால் அந்தக் குழுவின் பாட்டு பீட்டில்ஸ் பாட்டு மாதிரிக் கேட்பதில் ஆச்சரியமில்லை, பின்னால் நில்சன் ஏமாந்ததும் இதில்தான்.

பதிவு ஏறத்தாழ நாலே முக்கால் நிமிடம் ஓடும். ஒரு குழு சேர்ந்து வாசிக்கிற சத்தம், கிட்டார்கள் முன்னால், குரலில் அலங்காரமே இல்லை. பல்லவி வரும்போது ஒருவர் தனியாக எழுந்து நின்று கதறுவதில்லை. குரல்கள் சேர்ந்து ஒலிக்கின்றன, கிட்டத்தட்ட நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொல்வது மாதிரி. அந்தப் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே உயரத்தில். துக்கம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அப்படியே நிற்கிறது. எனக்கு இப்போதெல்லாம் இந்தப் பதிவுதான் அதிகம் பிடிக்கிறது என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

படி 3: ஒட்டைக் கண்டுபிடியுங்கள்

பேட்ஃபிங்கர் பதிவை வைத்தே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ஒட்டு மறைக்கப்படாமல் இருக்கிறது.

ஹாம் வைத்திருந்த பாட்டுக்கு அப்போது பெயர் 'இஃப் இட்ஸ் லவ்'. சரணங்கள் நன்றாக இருந்தன, பல்லவி வலுவாக இல்லை. எவன்ஸிடம் ஒரு பல்லவி இருந்தது, அதற்கேற்ற சரணம் இல்லை. அவருடைய பல்லவியை ஹாமின் சரணங்களுக்குப் பின்னால் வைத்தார்கள். அவ்வளவுதான் பாட்டு உருவான கதை.

இப்போது வரிகளை மட்டும் கவனித்துக் கேளுங்கள். சரணத்தில் பாடுகிறவன் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த மாலை, கிளம்பும்போது அந்த முகம், உதட்டில் சிரிப்பு இருந்தும் கண்ணில் தெரிந்த வருத்தம். ஹாம் ஒரு நாள் வெளியே போகலாம் என்று இருந்ததை ஸ்டூடியோ வேலைக்காகக் கைவிட, பரவாயில்லை என்று சிரித்த காதலியின் கண் வேறொன்று சொன்னதில் இருந்து இந்த வரிகள் வந்ததாகச் சொல்வார்கள். இருக்கலாம், வரியில் அந்த நுணுக்கம் இருக்கிறது. கூடவே கொஞ்சம் நியாயம் பேசுகிற தொனியும் இருக்கிறது, உனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுவதுதான் முறை என்கிற மாதிரி.

அடுத்த வரியில் பல்லவி. அங்கே மாலையும் இல்லை, முகமும் இல்லை, நியாயமும் இல்லை. நீ இல்லாமல் வாழ முடியாது, இனிமேல் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை, இவ்வளவே. அதுவரை அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று தன்னைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டு தனி மனிதர்களின் இரண்டு தனி வருத்தம், ஒரே பாட்டில். சரணத்தின் கடைசிச் சொல்லுக்கும் பல்லவியின் முதல் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் எந்தப் பதிவைக் கேட்டாலும் காது அங்கே போய் நிற்க வேண்டும்.

இசை தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பல்லவியின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) மிகப் பழைய வரிசை, ஒன்று, ஆறு, இரண்டு, ஐந்து. எத்தனையோ பாட்டுகளில் வந்தது. சுற்றிச் சுற்றி வரும், முடியவே முடியாது, அதனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் பாடிக்கொண்டே போகலாம். இதுவே பின்னால் வந்தவர்களுக்கு வசதியாகவும் போயிற்று, வினையாகவும் போயிற்று.

படி 4: நில்சனை இரண்டு தடவை, இரண்டு விதமாக

நில்சன் இந்தப் பாட்டை ஒரு விருந்தில் கேட்டு பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்தாராம். அப்புறம் தேடிப் பார்த்தால் பீட்டில்ஸ் ஆல்பம் எதிலும் இல்லை, பேட்ஃபிங்கரில் இருந்தது. நில்சனே நல்ல பாட்டாசிரியர், அவர் எழுதியதை மற்றவர்கள் பாடிப் பெரிய வெற்றி கண்டிருக்கிறார்கள். ஆனால் அவருடைய குரலை உலகம் முழுக்கக் கொண்டுபோன இரண்டு பாட்டுகளும், 'எவ்ரிபடிஸ் டாக்கின்', 'வித்தவுட் யூ', வேறொருவர் எழுதியவை. இதில் அவருக்கு உள்ளுக்குள் என்ன தோன்றியிருக்குமோ. முறையான பெரிய கச்சேரிகள் செய்யும் பழக்கமே இல்லாதவர் என்பதால், இந்தப் பாட்டை அவர் மேடை மேடையாகப் பாடித் தேய்க்கவும் இல்லை. ஸ்டூடியோவில் பிடித்ததுதான், அதையே கேட்கிறோம்.

பதிவு நடந்தது லண்டன் டிரைடன்ட் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி. பியானோவும் குரலும் மட்டும் போதும் என்பது நில்சனின் எண்ணம், பெரிய இசையும் கனமான தாளமும் வேண்டும் என்பது பெர்ரியின் எண்ணம், பெர்ரி ஜெயித்தார்.

முதல் தடவை, குரலை மட்டும் பின்தொடருங்கள். சரணம் மெதுவாக, கிட்டத்தட்ட பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது மாதிரி. ஒட்டு வருகிறது. இங்கேதான் பலரும் மறந்துவிடும் விஷயம்: முதல் பல்லவியில் அவர் உச்சத்துக்குப் போவதே இல்லை. கீழ் ஸ்தாயியிலேயே, அடக்கி, சரணத்தின் தொடர்ச்சி மாதிரியே பாடிவிடுகிறார். ஒட்டு இருந்ததே தெரியாது. அப்புறம் சரணம் மறுபடி ஒரு தடவை வருகிறது, இதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதானே என்று நாம் கொஞ்சம் அசரும் நேரத்தில் இரண்டாவது பல்லவி, அதே மெட்டு, ஒரு முழு ஸ்தாயி மேலே. அதே சொற்கள், அதே சுரங்கள், ஆனால் கதவு உடைகிறது. முதல் தடவை வாழ முடியாது என்றது ஒரு தகவல், இரண்டாவது தடவை அதுவே அலறல்.

பேட்ஃபிங்கர் பதிவில் இந்த ஏற்றம் இல்லை. நில்சனும் பெர்ரியும் பாட்டுக்குப் புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை, ஒட்டை இரண்டாகப் பிரித்தார்கள்: முதல் தடவை மூடி மறைத்தார்கள், இரண்டாவது தடவை கிழித்துவிட்டார்கள். நாலே முக்கால் நிமிடப் பாட்டை மூன்றேகால் நிமிடம் அளவுக்குச் சுருக்கவும் செய்தார்கள். நீளம் குறைந்ததால் அந்தக் கிழிசல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இரண்டாவது தடவை, குரலை விட்டுவிடுங்கள். ஹெட்போன் அவசியம். பியானோ கேரி ரைட், பேஸ் கிளாஸ் வூர்மன், டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர், அக்கூஸ்டிக் கிட்டார் ஜான் யூரிபே, வயலின் கூட்டத்துக்கும் ஊது கருவிகளுக்கும் எழுதியவர் பால் பக்மாஸ்டர். ஒரு தடவை பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், எவ்வளவு எளிமையாக வாசிக்கிறார் என்று தெரியும், கை நிறைய அள்ளிப் போடுவதே இல்லை. அடுத்து வயலின்கள் எப்போது உள்ளே வருகின்றன என்று மட்டும் பாருங்கள். குரல் இன்னும் சும்மா இருக்கும்போதே அவை கீழிருந்து எழும்பத் தொடங்கிவிடும், அதாவது பாடுகிறவன் இன்னும் சொல்லாத துக்கம் இசைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. டிரம்ஸின் கனமான அடியையும் கவனியுங்கள். அந்தக் காலத்து உருக்கமான மெல்லிசைப் பாட்டுகளில் இவ்வளவு திண்ணமான அடி புதுசு. 80களின் பவர் பாலட், அதாவது கனமான தாளத்தோடு உச்சத்துக்கு ஏறும் உருக்கப் பாட்டுகள் எல்லாம் இந்த அடியில்தான் நடந்து வந்திருக்கின்றன.

விளைவு எல்லோருக்கும் தெரியும். 1972இல் அமெரிக்காவில் நான்கு வாரம், பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். மறுவருடம் ஆண் பாடகருக்கான கிராமி.

ஒரு கூடுதல் வேலை, நேரம் இருந்தால் செய்யுங்கள்: 'நில்சன் ஷ்மில்சன்' எல்பி இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை வரிசையாகக் கேளுங்கள். 'வித்தவுட் யூ' முடிந்த கையோடு 'கோகனட்' வரும், ஒரே கார்டில் ஓடுகிற, விளையாட்டுத்தனமான பாட்டு. உயிரே போகிறது என்று கதறிய மனிதன் அடுத்த நிமிடம் தேங்காயையும் எலுமிச்சையையும் வைத்துக் கூத்தடிக்கிறான். அந்த ஆல்பத்தில் இதைக் கேட்டவர்களுக்கு நில்சன் ஒரு சோகப் பாடகர் என்ற எண்ணமே வந்திருக்காது. சோகப் பாடல் பிளேலிஸ்ட்டில் மட்டும் கேட்கிற நமக்குத்தான் அப்படி ஆகிவிட்டது.

படி 5: கேரியைக் கேட்கும்போது எதை மறக்க வேண்டும்

மரியா கேரி பாடியது பேட்ஃபிங்கர் பாட்டை என்பதைவிட நில்சனின் பாட்டை என்பதுதான் சரி. முதல் பல்லவி கீழே, இரண்டாவது பல்லவி மேலே என்ற அமைப்பு அப்படியே இருக்கிறது. அதனால் இதைப் பேட்ஃபிங்கரோடு ஒப்பிடாதீர்கள், நில்சனோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

மரியா கேரி என்றதும் எங்கே விசில் சத்தம் மாதிரி உச்சக் குரல் வரப்போகிறது என்று காத்திருப்போம், அதை மறந்துவிடுங்கள். இந்தப் பதிவில் அவர் வழக்கத்தைவிட அடக்கமாகவே பாடுகிறார். முதல் பகுதியில் குரலை விடக் காற்று அதிகம், காதருகே பேசுகிற மாதிரி. நில்சன் உச்சத்துக்குப் போகும்போது குரல் நெறிபடுவது கேட்கும், அந்த ஆளால் இதற்கு மேல் முடியாது என்று தோன்றும். கேரி அதே இடத்துக்குப் போகும்போது அவருக்கு இன்னும் மேலே இடம் இருப்பது தெரிகிறது. இது குறையா நிறையா என்பதில்தான் இரண்டு ரசிகர் கூட்டமும் பிரிகிறது. என்னைக் கேட்டால், முடியாமை பற்றிய பாட்டில் எல்லாம் முடிந்தவர் பாடுவது கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. ஆனால் கேரியின் பதிவில் வேறொன்று இருக்கிறது: பின்னணிக் குரல்கள். இரண்டாவது பல்லவிக்குப் பிறகு குரல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து தேவாலயப் பாடகர் குழு மாதிரி விரிகின்றன, அதற்கு மேல் அவர் தன் இஷ்டத்துக்கு வளைத்துப் பாடுகிறார். நில்சனின் தனி அறை அங்கே தேவாலயமாகிவிடுகிறது. பேட்ஃபிங்கரின் நண்பர் கூட்டம் சுற்றி வளைத்துத் திரும்ப வந்துவிட்டது என்றும் சொல்லலாம், கேரி அதை நினைத்துச் செய்யவில்லை என்றாலும்.

தயாரிப்பில் கூட இருந்தவர் வால்டர் அஃபனாசியெஃப். இது சிங்கிளாக வந்தது 1994 ஜனவரியில். நில்சன் இறந்தது அதே மாதம் 15ஆம் தேதி, சில நாள் இடைவெளிதான். பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம், அங்கே கேரிக்கு அதுதான் முதல் முதலிடம். அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது. ஐரோப்பாவின் பல நாடுகளில் இந்தப் பாட்டு என்றாலே கேரிதான் என்று ஆனது அப்போதுதான்.

படி 6: மற்றவர்களை ஓட்டமாக

இதற்கு மேல் எல்லாவற்றையும் முழுக்கக் கேட்க அவசியமில்லை. ஒட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, இரண்டாவது பல்லவி முடியும் வரை கேட்டால் போதும், அந்தப் பதிவு பேட்ஃபிங்கர் கட்சியா, நில்சன் கட்சியா என்று தெரிந்துவிடும்.

ஷெர்லி பாஸி 1972இலேயே பாடிவிட்டார், நில்சனின் சூடு ஆறும் முன். அவரும் வேல்ஸ்காரர், கார்டிஃப். ஒவ்வொரு சொல்லையும் அரங்கத்தின் கடைசி வரிசைக்கு அனுப்புகிறவர், அந்த நாடகத்தனத்துக்கு இந்தப் பாட்டு நன்றாகவே வளைந்து கொடுக்கிறது. ஹார்ட் என்ற ராக் குழுவின் பதிவு 'மேகசின்' ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்துக்கே ஒரு கோர்ட் கதை உண்டு: வேலை முடியாத நிலையில் 1977இல் கம்பெனி வெளியிட்டுவிட, வழக்கு போட்டு, குழு திருத்திய வடிவம் 1978இல் வந்தது. குழுவின் பாடகி ஆன் வில்சனின் குரல் இந்தப் பாட்டை ராக் பக்கம் இழுக்கிறது. ஏர் சப்ளை குழு 1991இல் பாடியது எதிர்பார்த்தபடியே இனிப்பாக இருக்கும், இனிப்பு பிடிக்கும் என்றால் கேளுங்கள்.

2008இல் பல்கேரியாவின் மியூசிக் ஐடல் நிகழ்ச்சியில் ஒரு போட்டியாளர் ஆங்கிலம் தெரியாமல் காதில் விழுந்தபடியே இந்தப் பாட்டைப் பாட, 'கேன்ட் லிவ்' என்பது 'கென் லீ' ஆனது, உலகமே சிரித்தது. சிரித்தவர்கள் கவனிக்காதது, ஒரு சொல்கூடச் சரியில்லாமல் பாடியும் இது எந்தப் பாட்டு என்று அத்தனை பேருக்கும் உடனே தெரிந்தது. எவன்ஸ் போட்ட பல்லவி மெட்டின் பலம் அது.

படி 7: கிரெடிட்ஸை இன்னொரு தடவை பாருங்கள்

இது கேட்பதில் சேராதே என்று தோன்றலாம், ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் கவர் பாட்டுகளை, அதாவது ஒருவர் பாட்டை இன்னொருவர் மறுபடி பாடுவதைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு பதிவுக்குப் பின்னால் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. ஒன்று பாட்டுக்கு, அதாவது மெட்டுக்கும் வரிக்கும். அது எழுதியவர்களுக்கும் அவர்களுடைய பதிப்பு நிறுவனத்துக்கும். இன்னொன்று அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு, அது பாடியவருக்கும் இசைக் கம்பெனிக்கும். நில்சன் பாட்டு ஒலித்தாலும், கேரி பாட்டு விற்றாலும், எழுதியவர்களுக்கு என்று ஒரு பங்கு போக வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் ஹாமும் எவன்ஸும் வசதியாக வாழ்ந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. பேட்ஃபிங்கரின் பணத்தில் பெரும்பகுதி நிர்வாகக் குளறுபடியிலும் வழக்குகளிலும் முடங்கிப்போனது. பீட் ஹாம் 1975 ஏப்ரலில், 28 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இந்தப் பாட்டின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை குழுவில் மிச்சம் இருந்தவர்களுக்கு இடையிலேயே நடந்தது. டாம் எவன்ஸும் 1983 நவம்பரில் 36 வயதில் அதே முடிவைத் தேடிக்கொண்டார். கேரியின் பதிவு வந்தபோது எழுதிய இருவருமே இல்லை.

இதைப் பல்லவியின் வரியோடு முடிச்சுப் போட்டு, பாட்டே சாபம் என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது அபத்தம், தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். அவர்களை உடைத்ததில் பணத்துக்கும் ஒப்பந்தங்களுக்கும் நீண்ட நாள் நிராதரவுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு பேட்ஃபிங்கர் பதிவுக்கு ஒரு தடவை திரும்பிப் போங்கள். இப்போது சப்பென்று இருக்காது. பெரிய துக்கம் என்று காட்டிக்கொள்ளாமல் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள் பாடுவது தனியாகத் தெரியும்.

படி 8: நீங்களே பாடிப் பார்ப்பதானால்

சரணத்தை வைத்துச் சுருதி பிடிக்காதீர்கள். எல்லோரும் செய்கிற தப்பு இது. சரணம் சுகமாக இருக்கிறதே என்று ஆரம்பித்து, இரண்டாவது பல்லவியில் ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். முதலில் அந்த உச்சப் பல்லவியைத் தனியாகப் பாடிப் பாருங்கள், எந்தச் சுருதியில் தொண்டை இறுகாமல் நிற்கிறதோ அதை எடுங்கள், அப்புறம் அதே சுருதியில் சரணம் அடித்தொண்டைக்குப் போய்க் காணாமல் போகிறதா என்று பாருங்கள். இரண்டு முனையும் ஒரே சுருதியில் கிடைக்கவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலான குரல்களுக்குக் கிடைக்காது. அப்போது பேட்ஃபிங்கர் வழியில் பாடுங்கள்: ஏறவே வேண்டாம், பல்லவிக்கு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரோக்கி டிராக்குகள் பெரும்பாலும் நில்சன் அல்லது கேரி அமைப்பில்தான் கிடைக்கும். சுருதியை அரை அரைப் படியாக ஏற்றி இறக்கும் செயலிகள் இருக்கின்றன, இரண்டு மூன்று படிக்கு மேல் மாற்றினால் பியானோ பிளாஸ்டிக் மாதிரி கேட்கும், அதற்கு வேறு டிராக் தேடுவது நல்லது. முதல் பல்லவியை அடக்கிப் பாடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மேடைப் பதற்றத்தில் முதல் தடவையே கத்திவிட்டால் இரண்டாவது தடவைக்குப் போக இடமே இருக்காது.

கடைசியாக, முடிவு. நில்சனின் பதிவு முடிவதில்லை, ஒலி மெல்லக் குறைந்து மறைகிறது. மேடையில் அப்படி மறைய முடியாது. உடன் வாசிப்பவரிடம் பல்லவி எத்தனை சுற்று என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், டிராக் வைத்துப் பாடுவதானால் முழுதாக முடிகிற டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். உச்சப் பல்லவி இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம்.